படங்கோடு ஓடியவன்

ஐஸ்லாந்துக் கரையில் ஓர் அலை என்னைத் தூக்கிப் பாறையில் அறைந்திருக்கிறது. நேபாளத்தில் ஒரு மலை விளிம்பில் காற்று என் கமெரா ஸ்டேண்டைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்திருக்கிறது. இரண்டு தடவையும் நான் துணிச்சலால் தப்பியதாக ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். ஊரிலிருந்து யாரும் கூட வராதது வசதி. ஊரார் என் துணிச்சலைக் கண்ணால் பார்த்தது இலங்கையில் தெமோதரைப் பக்கம், நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தின் ஏழாம் நம்பர் மலையில்தான்.

ஒரு வெளிநாட்டுக் காலண்டர்க்காரர் உலகத்துக் கடற்கரைகளும் மலைகளுமாகப் பன்னிரண்டு படம் கேட்டிருந்தார். அதில் ஒன்றாவது எங்கள் மலையாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். வெறும் மலை போதாது, முன்னால் கொழுந்து பறிக்கிற பெண் ஒருத்தி வேண்டும் என்றார் அவர். இன்னமும் தோட்டத்தில் வேலை செய்கிற என் அக்காவைக் கேட்டேன்.

அக்கா முந்தின வருஷம் குளவி கொட்டி, மூச்சடைத்து, பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தவள். வீட்டுக்கு அனுப்பும்போது அங்கிருந்த யாழ்ப்பாணத்து டாக்டர், "இனி ஒருக்கா கொட்டினா நீங்கள் இஞ்ச வந்து சேர மாட்டியள் அம்மா" என்று சொல்லித்தான் அனுப்பினார். அன்று முதல் அவள் படங்கு இல்லாமல் மலை ஏறியதில்லை. செடி கிழிக்காமலிருக்கப் பெண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற முரட்டுத் தார்ப்பாய்த் துண்டுதான் படங்கு. குளவி வந்தால் அதை அவிழ்த்துத் தலையோடு மூடிக்கொண்டு தரையில் படுத்துவிட வேண்டும். ஓடக்கூடாது. கத்தக்கூடாது. தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். சுற்றுலா வருகிறவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன்.

ஆனால் காலண்டருக்குப் படங்கு அழகாக இருக்காதே. ஞாயிற்றுக்கிழமை காலை, என் மனைவியின் ஆரஞ்சுச் சேலையை உடுத்த வைத்து அக்காவைச் செடிகளுக்கு நடுவே நிறுத்தினேன். படங்கை அவிழ்க்கச் சொன்னபோது அவள் திட்டினாள். மேலே கீழே பார்த்தாள். கூடு எதுவும் தெரியவில்லை. அவிழ்த்து என் மூஞ்சியில் விட்டெறிந்தாள். புல்லெல்லாம் பனி. என்னுடையதோ புதுக் காற்சட்டை. படங்கை என் இடுப்பில் கட்டிக்கொண்டேன்.

மேகம் நகர்வது பதியட்டும் என்று கமெராவைத் தானாகவே சில நொடிக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டிருக்க விட்டேன். அப்போதுதான் மேலே டர்பன்டைன் மரத்துக்குள் ஒரு கழுகு பாய்ந்தது. நகத்தை நீட்டி எதையோ அடித்துக் கிழித்தது. நல்ல காட்சி சிக்கியது என்று நான் குதித்தேன். கழுகு கிழித்தது குளவிக்கூடு. மரத்திலிருந்து பழுப்புப் புகை ஒன்று இறங்கியது. புகை இரையாது. இது இரைந்தது.

"தம்பி, குளவி. படு" என்றாள் அக்கா, அடுப்பில் பால் பொங்குகிறது என்கிற குரலில்.

நான் ஓடினேன். கத்திக்கொண்டு ஓடினேன். முதல் குளவி பிடரியில் ஆணி அறைந்தது. அடுத்தது காதுக்குள் புகுந்து காய்ச்சிய கம்பியாகக் குத்தியது. என் கன்னத்தில் நானே அறைந்தேன், இன்னும் அறைந்தேன். செடிகள் என் தொடையைக் கிழித்தன. மழைத் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு எழுந்தேன், ஒரு சப்பாத்து அங்கேயே கிடந்தது. அம்மாவையும் எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டேன். இரண்டு சாமிகளைக் கெட்ட வார்த்தையில் திட்டியதாகக் கீழே லயத்து வரிசை வீடுகளில் நின்றவர்கள் பிறகு சாட்சி சொன்னார்கள்.

ஓட்டத்தில் காலை ஏதோ தடுக்கியது. பார்த்தால் படங்கு.

மூடிக்கொள்ள இருந்த ஒரே துணி என்னோடு ஓடி வந்துவிட்டது. மேலே செடிகளுக்கு நடுவே ஆரஞ்சு நிறம் குப்புறக் கிடந்தது, அசையாமல்.

திரும்பி ஓடினேன். இதையும் துணிச்சல் என்று எழுதிக்கொள்ளலாம்தான். ஆனால் அப்போதும் கத்திக்கொண்டுதான் ஓடினேன். முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்துப் பிய்த்தேன். உதட்டிலேயே ஒன்று கொட்டியது. படங்கை விரித்து அக்காவின் மேல் விழுந்தேன். தார்ப்பாயில் குளவிகள் கல் மழை மாதிரி மோதின. உள்ளே நுழைந்த ஒன்றை அக்கா வெறுங்கையால் நசுக்கினாள். அடுத்த அடி என் முதுகில். "கத்தாத, சனியனே." அவளுக்கு இரண்டே கொட்டு, கழுத்திலும் மணிக்கட்டிலும். இரண்டே போதும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

இரைச்சல் ஓய்ந்ததும் லயத்து ஆட்கள் ஓடிவந்து எங்களை ஆட்டோவில் அள்ளிப் போட்டார்கள். பதுளை ரோட்டில் அவள் முகம் வீங்கிக்கொண்டே வந்தது. வழி முழுக்க என்னைத் திட்டினாள். திட்டுகிறவரை மூச்சு இருக்கிறது என்று நானும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். ஹாலிஎல தாண்டியதும் திட்டு நின்றுவிட்டது. உதடு நீலமாகிவிட்டது. உலுக்கினேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மறுபடி திட்ட வைக்க வேறெதுவும் தோன்றாமல், "உன் தேங்காச் சம்பலைவிட என் பொண்டாட்டி அரைக்கிற சம்பல்தான் ருசி" என்று அலறினேன். ஆட்டோக்காரர் திரும்பியே பார்த்துவிட்டார். அக்காவின் ஒரு விரல் மட்டும் உயர்ந்தது, எச்சரிக்கிற மாதிரி. பிறகு அதுவும் மடியில் விழுந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் அவளை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனார்கள். நான் ஒற்றைச் சப்பாத்தோடு, வீங்கிய வாயோடு, என்னைத் திட்டுவதற்கு யாரும் இல்லாமல் நின்றேன். என் கொட்டுகளை எண்ண வந்த நர்ஸிடம் அக்காவுக்கு எப்படி என்று கேட்டேன். உதடு பூசணிக்காயாக இருந்ததால் அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஊசி போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் உள்ளே விட்டார்கள். அக்காவுக்கு ஒரு கண்தான் திறந்தது. அந்த ஒற்றைக் கண்ணால் என்னைத் தேடிப் பிடித்து, காற்று மாதிரியான குரலில் கேட்டாள்: "எவ சம்பலுடா ருசி?"

நான் அழுதேன். அழும்போதும் சத்தம் அதிகம்தான், நர்ஸ் வெளியே போகச் சொன்னார்.

நாங்கள் ஓடிக்கொண்டும் விழுந்துகொண்டும் இருந்த நேரமெல்லாம் கமெரா தன் வேலையைச் செய்திருக்கிறது. லயத்து ஆட்கள் எடுத்து வந்து கொடுத்ததை மறுநாள் அக்காவின் கட்டிலருகே உட்கார்ந்து காட்டினேன். ஒன்றில் கழுகு. அடுத்ததில் இடுப்பில் படங்கு பறக்க நான் போகிறேன். அப்புறம் வெறும் மலையும் ஆரஞ்சுத் துணியும். அந்தப் படத்தில் அவள் விரல் கொஞ்ச நேரம் நின்றது. அதற்கடுத்ததில் நான் வருகிறேன்.

"ஓடுற படத்த ஒம் பொண்டாட்டிக்கிட்ட குடு" என்றாள். "வர்ற படம் எனக்கு."

காலண்டருக்கு வேறு நாட்டு மலையை அனுப்பிவிட்டேன். வருகிற படம் அக்காவின் லயத்துக் காம்பராச் சுவரில் மாட்டியிருக்கிறது. பின்னால் மலை அவ்வளவு தெளிவாக விழுந்திருக்கிறது, நானே மெச்சிக்கொள்வேன். வருகிறவர்கள் யாரும் மலையைப் பற்றிக் கேட்பதில்லை. இந்த ஆள் ஏன் இப்படி வாயைப் பிளந்திருக்கிறான் என்றுதான் கேட்கிறார்கள். அக்கா முதலிலிருந்து சொல்ல ஆரம்பிப்பாள். நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.