மஞ்சள் தண்ணீரும் இரண்டு முதலாளிகளும்

கணபதி என்ற பகுதியைத் தாண்டி இருந்த ஒரு பெரிய முலாம் பூசும் கம்பெனியில் கெமிஸ்டாகச் சேர்ந்தபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. இரும்புச் சாமான்களுக்கு குரோம் பூசி அலசினால் தண்ணீர் மஞ்சளாக வரும். அதில் மருந்து கலந்து, சுண்ணாம்பு சேர்த்து, விஷத்தைக் கசடாக அடியில் இறக்கிவிட்டுத் தெளிந்த தண்ணீரைத்தான் வெளியே விட வேண்டும். அந்தச் சுத்திகரிப்பு மெஷினைக் கவனிப்பது என் வேலை.

மெஷின் புத்தம் புதிது. ஆனால் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் வரும் நாளில் மட்டும்தான் ஓடியது.

முதலாளி கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உடுமலைப்பேட்டைப் பக்கம் அவருக்குத் தென்னந்தோப்பு இருந்தது. அங்கிருந்து வரும் இளநீரை எங்கள் எல்லோருக்கும் கொடுப்பார். "என்ற தோப்புல ஒரு சொட்டு மருந்து அடிக்க உடமாட்டேனுங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் மஞ்சள் தண்ணீர் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருக்கும். அதை அவர் திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை.

அவர் பார்க்காததை வேறு யாரும் பார்க்கவில்லை. ஒரு நாள் தொட்டி கழுவிய அமிலத்தைத் தொழிலாளி ஒருவர் நேராகச் சாக்கடையில் கவிழ்த்தார். ஓடிப்போய்த் தடுத்தேன். அவர் கோபப்படக்கூட இல்லை. "மொதலாளியே கண்டுக்கறதில்லீங்க அம்மணி. நீங்க எதுக்குங்க வெய்யில்ல நிக்கறீங்க?" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. கம்பெனியில் எது முக்கியம் என்பதை அவர் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார்.

மெஷின் தினமும் எட்டு மணி நேரம் ஓடியதாகப் பதிவேட்டில் எழுதி நான் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்து மாதம் போட்டேன். வெட்கத்தோடுதான் இதைச் சொல்கிறேன். ஐப்பசியில் ஒரு நாள் பெருமழை. மழையோடு மழையாகப் போகட்டும் என்று தேங்கியிருந்த தொட்டி முழுவதையும் திறந்துவிட முதலாளி சொல்லியனுப்பினார். அடுத்த தெருவில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு அந்தத் தண்ணீரில் நடந்து வீட்டுக்குப் போனார்கள். கணுக்கால்வரை மஞ்சள். அன்று பதிவேட்டில், "மெஷின் ஓடவில்லை. முதலாளி உத்தரவின்படி தொட்டி சாக்கடையில் திறந்துவிடப்பட்டது" என்று எழுதினேன்.

மறுநாள் காலை முதலாளி கூப்பிட்டனுப்பினார்.

"அம்மணி, என்னங்க இது எழுதி வெச்சிருக்கீங்க?"

"நடந்ததுங்க."

தாளைக் கிழித்துக் கசக்கிப் போட்டார். "ஓடுச்சுன்னு வேற எழுதுங்க."

"எழுத மாட்டேனுங்க."

"காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல நின்னு கூப்புட்டா உங்களாட்டப் பத்துக் கெமிஸ்ட் வருவாங்க."

"வருவாங்கங்க. அதுல ஒருத்தர எழுதச் சொல்லுங்க." அதோடு நிறுத்தவில்லை. "இந்தத் தண்ணிய உங்க தோப்புல ஒரு குடம் ஊத்துவீங்களாங்க?"

அவர் முகம் சிவந்தது. "தோப்பு வேற, கம்பெனி வேற."

அன்றே விலகல் கடிதம் கொடுத்தேன். 'சொந்தக் காரணம்' என்று எழுதச் சொல்லி மேனேஜர் கெஞ்சினார். உண்மையான காரணத்தைத்தான் எழுதினேன். அதன் நகலை மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் என் பெயரிலேயே புகாராகக் கொடுத்து ரசீதும் வாங்கினேன். அவர்கள் நடவடிக்கை எதுவும் எடுக்கவில்லை. மூன்று மாதம் வேலையில்லை. கணவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கும் சேர்த்து மாமியார் சொன்னார்.

பிறகு கிடைத்தது ஒரு சின்ன முலாம் பட்டறை. முப்பது பேர். முதலாளி, ஊருக்குள் கோட்டைப் பகுதியிலிருந்த பழைய முஸ்லிம் வியாபாரக் குடும்பத்தில் வந்தவர். சேருமுன் நானே கேட்டேன்: "மெஷின நிறுத்தச் சொல்லுவீங்களாங்க?"

அவர் சிரித்தார். "நான் பெரிய நல்லவனெல்லாம் இல்லீங்க. பட்டறைக்குப் பொறத்தால என்ற ஊடு. அங்கத்த போர்க்கெணத்துத் தண்ணியிலதான் எம்பிள்ளைங்க குளிக்குது."

காரணம் எதுவாக இருந்தால் என்ன? தினமும் காலையில் தன் அறைக்குப் போகுமுன் நேராகச் சுத்திகரிப்புத் தொட்டிக்கு வருவார். முந்தின நாள் தண்ணீரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பார். கலங்கலாக இருந்தால், "ஏனுங்க, யாரு கை வெச்சது?" என்பார். அவ்வளவுதான். மெஷின் பழையது, இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டது. ஆனாலும் தண்ணீர் தெளிவாகப் போனது. அமிலத்தைக் கண்ட இடத்தில் கொட்ட யாருக்கும் துணிவில்லை.

ஒருமுறை பெரிய ஆர்டர் இருந்த வாரத்தில் சுத்திகரிப்பு மெஷினின் பம்பு எரிந்துபோனது. "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் தண்ணிய அப்படியே உட்டுப்போடலாமுங்க" என்றார் முதலாளி. அவர் வாயிலிருந்து அது வந்தது எனக்கு அடி விழுந்ததுபோல் இருந்தது.

"உடறதுன்னா நான் ஊட்டுக்குப் போறேனுங்க. திரும்பி வாரதில்லீங்க."

"உங்ககிட்ட ஒண்ணும் பேச முடியாது!" என்று கத்திவிட்டு வெளியே போனார். கால் மணி நேரம் கழித்து வந்தார். எல்லோர் முன்னாலும் ஆர்டர் கொடுத்தவருக்குப் போன் செய்தார். "நாளைக்குத் தர முடியாதுங்க. தண்ணி மெஷின் ரிப்பேருங்க. ஆமாங்க, அதுக்காகத்தான் லைன நிறுத்திப்போட்டேன்." அந்த ஆர்டரில் பாதி என் பழைய கம்பெனிக்குப் போனது. மூன்றாம் நாள் உபரியாக ஒரு பம்பு வந்து இறங்கியது.

போன மாதம் பழைய முதலாளியே போனில் வந்தார். சாமான் வாங்கும் வெளிநாட்டு ஆட்கள் தண்ணீர் மெஷினைத் தணிக்கை செய்ய வருகிறார்களாம். நான் திரும்பி வந்தால் சம்பளம் நான் கேட்டபடியாம்.

"தினமும் ஓட்டுவீங்களாங்க?"

"ஆடிட் முடியட்டும் அம்மணி. அப்பறம் பாத்துக்கலாம்."

"முடிஞ்ச பொறவு என்ன நடக்கும்னு எனக்குத் தெரியுங்க. இப்பவும் அந்தத் தெருவுல பிள்ளைங்க நடந்துதான் போகுது. மறுபடி ஒரு புகார் எழுதறேன். இந்தத் தடவ மேல ஆபீசுக்கு."

"மெரட்டறீங்களா?"

"ஆமாங்க" என்றேன்.