திங்கட்கிழமை மட்டும் வராதவள்

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் மில் ஒன்றில் எனக்கு ஆபீஸ் வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ். கையெழுத்து நோட்டை ஒழித்துவிட்டு, அன்றன்றைக்கு வராதவர்கள் பட்டியலை எடுத்துத்தர பைத்தானில் ஒரு புரோகிராம் எழுதினேன். வீட்டில் பத்துத் தடவை ஓட்டிப் பார்த்தேன், பிசகே இல்லை. தலைகால் புரியவில்லை எனக்கு; மேனேஜரிடம் பெருமை பேசித் தீர்த்தேன்.

முதல் வாரமே, வியாழக்கிழமை காலை, தேவதானத்திலிருந்து தறி ஓட்ட வரும் பெண் ஒருத்தி என் மேஜை முன்னால் நின்றாள். மூன்று நாள் சேர்ந்தாற்போல் வராதவர்களை ராத்திரி ஷிப்டுக்கு மாற்றுவது எங்கள் மில் வழக்கம். என் பட்டியலைப் பார்த்து மேனேஜர் அவளுக்கு ஆர்டர் போட்டிருந்தார். வீட்டில் பால்குடி மறவாத பிள்ளை. ராத்திரி ஷிப்ட் என்றால் அவள் வேலையை விட வேண்டியதுதான்.

“திங்கக்கெழம புள்ளைக்குக் காய்ச்சல், வரலக்கா. அடுத்த ரெண்டு நாளும் வந்தேனே.”

“கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா” என்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தபோதுதான் உறைத்தது. நேற்று இதே நேரம் எனக்கு அவித்த சீனிக்கிழங்கு தந்தவள் அவள்தான். சோற்றை மூடிவிட்டு புரோகிராமைத் திறந்தேன்.

பட்டியல் எதுவும் தராவிட்டால் ஒரு காலிப் பட்டியலை வைத்துக்கொள் என்று, பெயர்களைச் சேர்க்கும் பகுதியான ஃபங்ஷனின் முதல் வரியிலேயே எழுதியிருந்தேன். தினமும் புதிதாக ஒன்று கிடைக்கும் என்று என் நினைப்பு. பைத்தானோ அதை ஆரம்பத்தில் ஒரே தடவைதான் செய்கிறது. அப்புறம் புரோகிராம் நிற்கும்வரை அதே பட்டியல்தான். வீட்டில் நிறுத்தி நிறுத்தி ஓட்டியதால் எனக்குத் தெரியவில்லை. மில்லில் ஆயுத பூஜைக்குத் தவிர எதையும் நிறுத்துவதில்லை. திங்கட்கிழமை ஏறிய பெயர் இறங்கவே இல்லை. அந்த வாரம் லீவு போட்டது அவள் ஒருத்திதான்.

முதல் வரியில் None, அதாவது ‘ஒன்றுமில்லை’ என்று வைத்து, ஃபங்ஷனுக்கு உள்ளே போன பிறகு ஒவ்வொரு தடவையும் புதுப் பட்டியல் செய்யச் சொன்னேன். இரண்டு வரி வேலை. மேனேஜரிடம் போய், தப்பு என்னுடையது என்றேன். “எம்புட்டுப் பேச்சு பேசுனீக!” என்றபடி ஆர்டரைக் கிழித்துப் போட்டார்.

தறிச் சத்தத்துக்கு நடுவே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். மனசு ஆறாமல், “திங்கக்கிழமையும் வந்ததா மாத்திடட்டுமா?” என்றேன்.

“வேண்டாங்க்கா. அன்னைக்கு நான் வரலல்லா” என்று அறுந்த நூலை முடிந்தாள். “அதயும் மாத்திட்டா, பொறவு நான் வந்தத யாரு நம்புவா?”