உள்பக்கம் மேல வந்த ஊரு

எங்க அண்ணியை யாராவது புகழ்ந்தா எனக்கு முதல்ல கொஞ்சம் எரியும். நாத்தனார்னு பேரு வாங்கிட்டு அது கூட இல்லைன்னா எப்படி? ஆனா எரிச்சல் வேற, உண்மை வேற. அந்த மாதிரி ஒரு பொம்பளையை நான் பாத்ததில்ல. இதை அவங்க காதுல மட்டும் போட்டுடாதீங்க. அப்புறம் தலைமேல ஏறி உக்காந்துக்குவாங்க.

அண்ணி டெய்லர். கீழ்வீட்டு முன்ரூம்தான் அவங்க கடை. ஜன்னலை ஒட்டி மிஷின், சுவத்து ஆணியில பாதி தைச்ச சட்டைங்க, கால் வைக்கிற இடமெல்லாம் வெட்டுத்துணி. மிஷினுக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி. அதுல எங்க அண்ணன் உக்காந்திருப்பான். நான் மாடியில இருக்கேன். மிஷின் சத்தம் நின்னுச்சுன்னா கீழ ஏதோ நடக்குதுன்னு அர்த்தம். உடனே டீ டம்ளரோட இறங்கி வந்துடுவேன்.

அண்ணன் டவுன் பஸ் ஓட்டினவன். சர்க்கரை வியாதி அவன் கண்ணைத் தின்னுடுச்சு. முதல்ல மங்கல், அப்புறம் ஆபரேஷன், அப்புறம் இருட்டு. அதுக்குப் பிறகும் கொஞ்ச நாள் குச்சியை வச்சுக்கிட்டு வெளிய போயிட்டுத்தான் இருந்தான். ஒரு நாள் மார்க்கெட் ரோட்டுல நடைபாதை விளிம்பு தெரியாம விழுந்துட்டான். செருப்பு வாரு அறுந்துபோச்சு. கூட்டம் கூடிடுச்சு. "ஐயோ, நம்ம டிரைவர்ல இவரு!"ன்னு யாரோ சொல்லியிருக்காங்க. இன்னொரு புண்ணியவான் கையில காசை வச்சு அழுத்தியிருக்கான். அண்ணன் வெறுங்காலோட வீட்டுக்கு வந்து, அறுந்த செருப்பை சுவத்துல விட்டெறிஞ்சான். "தூக்கிப் போடு அதை. இனிமே எனக்கு அது எதுக்கு?"ன்னான். அன்னியிலேருந்து வாசப்படி தாண்டல. வருஷக்கணக்கா.

அண்ணி கெஞ்சாத நாள் இல்ல. "சும்மா தெருமுனை வரைக்கும் வாங்களேன்" அப்படிம்பாங்க.

"நாலு பேரு பாப்பாங்க" அப்படிம்பான் அவன்.

"பாக்கட்டுமே! பாத்தா தேஞ்சா போயிடுவீங்க?"

இது தினமும் நடக்கும். காலையில பால் வர்ற மாதிரி, இதுவும் வந்துடும். கடைசியில அண்ணி மிஷினை மிதிக்க ஆரம்பிச்சுடுவாங்க. நான் மேல போயிடுவேன். அண்ணன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்குவான், ஏதோ தெரியற மாதிரி.

அப்பதான் இந்த விழா வந்துச்சு. எங்க ஊரு மழைக்கு முளைச்ச மாதிரி தானா முளைச்ச ஊரு இல்ல. நடுவுல ஒரு ரவுண்டானா, அதைச் சுத்தி ரோடுங்க, இங்க ஆஸ்பத்திரி, அங்க பள்ளிக்கூடம், இன்ன ரோட்டுல இன்ன மரம்னு யாரோ உக்காந்து ஒரே பேப்பர்ல வரைஞ்சாங்களாம். அப்புறம் அதைப் பாத்து ஊரைக் கட்டினாங்களாம். அந்தப் பேப்பருக்கு நூறு வயசு ஆகுதுன்னு ஊரே அமர்க்களம். பழைய வரைபடத்தைக் கண்ணாடிக்குள்ள வச்சு டவுன்ஹால்ல காட்டுறாங்க, ஓட்டப்பந்தயம் வைக்கிறாங்க, ரோட்டுக்கு ரோடு மரக்கன்னு நடுறாங்க, பேண்டு வாசிக்கிறாங்க. "பேப்பருக்கெல்லாம் பொறந்தநாளா? எனக்கு ஒருத்தரும் ஒரு மிட்டாய் வாங்கித் தரலையே"ன்னு நான் கேட்டேன். அண்ணன் சிரிச்சான். அது போதும்னு விட்டுட்டேன்.

நகராட்சியில விழா வேலையைப் பாக்குற அம்மா ஒருத்தங்க வந்தாங்க. விழா மேடம்னு நாங்களே பேரு வச்சுட்டோம். ரவுண்டானா புல்வெளி முழுக்க விரிக்கிற அளவுக்கு ஊரு மேப்பைத் துணியில தைச்சுத் தரணுமாம். ஜனங்க அது மேல நடந்து அவங்கவங்க வீட்டைத் தேடிக் கண்டுபிடிப்பாங்களாம்.

"ஆழம் தெரியாம காலை விடாதீங்க அண்ணி"ன்னு நான் காதுல சொன்னேன். அவங்களும் மாட்டேன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தாங்க. அதுக்குள்ள விழா மேடம், "துணி அழுக்காகக் கூடாதுல்ல, அதனால எல்லாரும் செருப்பைக் கழட்டிட்டு வெறுங்காலோடதான் நடக்கணும்"னு சொல்லிட்டாங்க.

அண்ணி திறந்த வாயை மூடிக்கிட்டாங்க. திரும்பி அண்ணன் காலைப் பாத்தாங்க. "தைச்சுத் தரேன்"னாங்க.

எனக்கு ஒண்ணும் புரியல. வேலை ஆரம்பிச்சதும் இன்னும் புரியல. கலர் கலரா வெட்டின துணியெல்லாம் வீடும் தோட்டமும், அதுக்கு நடுவுல சாம்பல் கலர் பட்டைங்க ரோடு. சரி. ஆனா ஒவ்வொரு ரோட்டுக்கும் ரெண்டு ஓரத்துலயும் உள்ள கயிறு வச்சு, வரப்பு மாதிரி மேடா பைப்பிங் பிடிச்சாங்க. ரெட்டை வேலை.

"யாரு கேட்டா இந்தக் கயித்தை? மெத்தையா தைக்கிறீங்க?"ன்னு நான் கத்தினேன்.

"அழகா இருக்கும்"னாங்க.

ஒரு நாள் மத்தியானம் மிஷின் நின்னுச்சு, இறங்கி வந்தேன். அண்ணன் நாற்காலியிலயே தூங்கிட்டிருந்தான். அண்ணி தைச்ச துண்டு ஒண்ணைத் தரையில விரிச்சு, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, ரெண்டு கையையும் முன்னாடி நீட்டிக்கிட்டு, வெறுங்காலால கயித்தைத் தடவித் தடவி நடந்துட்டிருந்தாங்க. கண்ணு தெரியாதவன் காலுக்கு ரோடு தெரியுதான்னு பாக்குறாங்க. வந்த சத்தம் கேக்காம மாடிக்குப் போயிட்டேன். டீயும் ஆறிப்போச்சு.

அண்ணன்கிட்ட அவங்க விஷயத்தைச் சொன்னப்போ கிணறு வெட்ட பூதம் கிளம்பின கதையாயிடுச்சு. "விழாவுக்கு வாங்க, நீங்க ஓட்டின ரூட்டை எல்லாம் கால்லயே பாக்கலாம்"னு ஆசையாத்தான் சொன்னாங்க.

"ஊரு நடுவுல என்னை நிக்க வச்சு வேடிக்கை காட்டப் போறியா?"ன்னு அவன் போட்ட சத்தத்துல சுவத்துச் சட்டைங்க கூட ஆடுச்சு. "நான் வரல. திரும்பக் கேட்டா சாப்பிடவும் மாட்டேன்."

அண்ணி திரும்பக் கேக்கல. ஆனா கயித்தையும் விடல. மிச்ச ரோடுக்கெல்லாம் அதே மாதிரி வச்சு, முடிச்சுத்தான் ஓஞ்சாங்க.

விழாவுக்கு முந்தின நாள் துண்டையெல்லாம் ஒரு பள்ளிக்கூடத்து ஹாலுக்குக் கொண்டுபோய் ஒண்ணா இணைச்சாங்க. முழு ஊரையும் அன்னைக்குத்தான் விரிச்சே பாத்தோம். ரோட்டுப் பேரெல்லாம் எழுத ஒரு பெயின்டர் வந்தாரு. தூரிகையைத் தோய்ச்சவரு, இப்படிப் பாத்தாரு, அப்படிப் பாத்தாரு. "அக்கா, ரயில்வே ஸ்டேஷன் அந்தப் பக்கம்ல இருக்கணும்?"னாரு.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்சுது. ஊரே இடம் வலமா மாறியிருந்துச்சு. எப்படின்னா, டெய்லருங்க சாக்பீஸ் கோட்டைத் துணியோட உள்பக்கம்தான் போடுவாங்க, வெளிய தெரியக் கூடாதுன்னு. வெட்டுறதும் உள்பக்கம் பாத்து, இணைக்கிறதும் உள்பக்கம் பாத்து. கை அப்படியே பழகிப்போச்சு. அண்ணியும் விழா மேடம் கொடுத்த பேப்பரை வச்சு, துளி பிசகாம, உள்பக்கத்துல ஊரைத் தைச்சுட்டாங்க. வெளிப்பக்கம் பாத்தா எல்லாமே இடம் வலம் மாறிப்போச்சு. ரவுண்டானாவைச் சுத்தி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ரோடுங்கிறதால துண்டு துண்டா இருந்தப்போ யாருக்கும் தெரியல.

விழா மேடம் நல்லவங்க. திட்டல. கொஞ்ச நேரம் நெத்தியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டு, "திருப்பிப் போட்டுடலாம். உள்பக்கத்தை மேல வச்சு விரிச்சா ஊரு சரியா இருக்கும்"னாங்க.

ஊரு சரியா இருக்கும். அண்ணி? ஒரு டெய்லர்கிட்ட உள்பக்கத்தைக் காட்டுன்னு சொல்லலாமா? அது தரையில படப்போற பக்கம்தானேன்னு அவங்க ஓரத்தை அடிக்கல, பிசிறு தொங்குது. போதாததுக்கு, அடிநூல் சுத்துற பாபின்ல வீட்டுல மிச்சம் கிடந்த நூலையெல்லாம் சுத்தியிருக்காங்க. மேல சாம்பல் நூல், அடியில ஒரு ரோட்டுக்குச் சிவப்பு, ஒரு ரோட்டுக்குப் பச்சை, பாதி ரோட்டுல மஞ்சள் தீர்ந்து ஊதா. ஒரு சின்னக் கைக்குட்டையில கூட முடிச்சு தெரியாம தைக்கிறவங்க அவங்க.

மறுநாள் காலையில அண்ணி அடுப்படித் தரையில உக்காந்துட்டாங்க. "நான் போகல"ன்னு ஒரே அழுகை. "இத்தனை வருஷ தொழில் உங்களுக்கு, அண்ணி. யானைக்கும் அடி சறுக்கும், எழுந்திருங்க"ன்னு நான் இழுத்துப் பாத்தேன். அசையல. "ஊரே பாத்துச் சிரிக்கும்டி. எந்த முகத்தை வச்சுக்கிட்டு நான் அங்க நிப்பேன்?"னாங்க.

முன்ரூம்ல நாற்காலி நகர்ற சத்தம் கேட்டுச்சு. அண்ணன் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு அடுப்படி நிலைக்கு வந்து நின்னான்.

"பாக்கட்டுமே"ன்னான். "பாத்தா தேஞ்சா போயிடுவ?"

அண்ணி மூக்கை உறிஞ்சிக்கிட்டே நிமிர்ந்தாங்க. "வாசலைத் தாண்டாதவரு எனக்குப் புத்தி சொல்றீங்களா?"

அவன் நிலையை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சான். பயம், வேற என்ன. அப்புறம், "சரி, நானும் வரேன். ரெண்டு பேரும் சேந்தே தேஞ்சு போவோம். சட்டையை எடு"ன்னான்.

கயிறு வச்சு, கெஞ்சி, சண்டை போட்டு வராத மனுஷன். அண்ணி அழுறாங்கன்னதும் கிளம்பிட்டான். எனக்குக் கண்ணு ரெண்டும் கொட்டுது. சட்டை பட்டனை நான்தான் போட்டுவிட்டேன், அதுவும் ஒரு ஓட்டை மாத்தி. அண்ணி குனிஞ்சு அவன் காலுல ஏதோ செருப்பை மாட்டினாங்க. அவன் தோளு இறுகிப்போய் நின்னான். காலுல என்ன மாட்டுறாங்கன்னு எல்லாம் அவனுக்கு அப்ப நினைப்பே இல்ல.

ரவுண்டானாவுல கூட்டம்னா கூட்டம். பேண்டு ஒரு பக்கம், பலூன் ஒரு பக்கம். புல்வெளி முழுக்க எங்க அண்ணி தைச்ச ஊரு, பிசிறும் கலர் நூலுமா மல்லாக்கக் கிடக்குது. சுத்திலும் செருப்புக் குவியல். அண்ணன் அண்ணி கையை விடாம பிடிச்சிருந்தான். யாரு யாரைக் கூட்டிட்டு வந்தாங்கன்னு தெரியாத மாதிரி இருந்துச்சு.

ஒரு தொப்பைக்காரர் குனிஞ்சு பாத்துட்டு, "என்னம்மா இது, உல்டாவா விரிச்சிருக்கீங்க?"ன்னு கேட்டாரு. அண்ணி தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க.

"ஆமாங்க"ன்னு அண்ணன் சத்தமாச் சொன்னான். "என் வீட்டம்மா தைச்சது. மேல்பக்கத்தை எல்லாரும்தான் பாத்திருக்கீங்க. உள்பக்கம் சும்மா பாக்கக் கிடைக்காது. நல்லாப் பாத்துக்குங்க!"

தொப்பைக்காரர் சிரிச்சுட்டாரு. அண்ணிக்கும் சிரிப்பு வந்துடுச்சு, அழுகையோட சேந்து.

அப்புறம் அவன் துணி மேல காலை வச்சான். கயிறு அடிப்பக்கம் போயிட்டா என்ன, நாலு மடிப்புத் துணியைப் பிடிச்ச தையல் இல்லையா, வரப்பு மாதிரி நின்னுச்சு. கால்விரலால இந்த ஓரத்தைத் தொட்டான், அந்த ஓரத்தைத் தொட்டான். அவன் முகத்தை நான் பாத்துட்டே இருந்தேன். "இது டிப்போ ரோடு"ன்னான். எடுத்தான் பாருங்க வண்டியை! நாங்க ரெண்டு பேரும் பின்னாடியே ஓடுறோம். "ஆஸ்பத்திரி வளைவு, பிடிச்சுக்குங்க" அப்படிங்கிறான். யாரோ ஒருத்தர் காலை மிதிச்சுட்டு, "ஹாரன் அடிச்சேனே, காதுல விழலையா?"ன்னு அவரையே திட்டுறான். மார்க்கெட் ரோடு வந்ததும் நின்னான். இங்கதான் விழுந்தான். அண்ணி அவன் முழங்கையைத் தொட்டாங்க. "ஆள் ஏறியாச்சா?"ன்னு கேட்டான். "ஏறியாச்சு"ன்னாங்க. "ரைட்"டுன்னு போயிட்டான்.

எல்லா ரோடும் சுத்தி முடிச்சு ஓரத்துக்கு வந்தோம். அண்ணி தள்ளி ஒரு அம்மாவுக்கு வீட்டைத் தேடிக் கொடுத்துட்டிருந்தாங்க. அண்ணன் குத்துக்கால் போட்டு உக்காந்து செருப்புக் குவியலைத் தடவினான். "நானே தேடிக்கிறேன்"னு என் கையைத் தட்டிவிட்டான். ஒண்ணு ஒண்ணா எடுத்து வச்சு, ஒரு செருப்புல விரல் நின்னுச்சு. வாரு மேல திரும்பத் திரும்பத் தடவினான். சின்னச் சின்னத் தையல், நெருக்கமா.

அண்ணி வந்து பக்கத்துல நின்னது அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு.

"இது அறுந்ததுல்ல?"ன்னான்.

"ஆமா."

"தூக்கிப் போடச் சொன்னேனே. எப்ப தைச்ச?"

"அன்னைக்கு ராத்திரியே."

"நான்தான் வெளிய போகவே மாட்டேன்னேனே."

அண்ணி புடவை முந்தானையால அந்தச் செருப்பைத் துடைச்சு, அவன் கால்கிட்ட வச்சாங்க. "நீங்க சொன்னீங்க"ன்னாங்க. "நான் நம்பல."

அவன் செருப்பைப் போட்டுக்கிட்டு எழுந்து நின்னான். வீட்டுக்கு நடந்தே போகலாம்னான். எனக்கு முட்டி வலி, நான் பஸ்ல ஏறிட்டேன். மார்க்கெட் ரோட்டுல பஸ் அவங்க ரெண்டு பேரையும் தாண்டிப் போச்சு. நான் ஜன்னல்ல தலையை நீட்டி, "அண்ணா, பஸ்ஸுக்கு வழி விடு!"ன்னு கத்தினேன். கேட்டுட்டான். நல்லாக் கையைத் தூக்கி ஆட்டினான்.