கட்டுச்சோறு இல்லாத பயணம்

மலாயாவுக்கு மெர்டேக்கா கிடைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் என் கொழுந்தனார் ஒரு பழைய கார் வாங்கி, மலாக்காவில், காஜா பெராங்கில் எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். நாடு சுதந்திரம் அடைந்ததைவிட அந்தக் கார் வந்ததுதான் என் வீட்டுக்காரருக்குப் பெரிய விசேஷம். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அண்ணனும் தம்பியும் ஆபீஸ் நண்பர் ஒருவரும் வரைபடத்தைத் தரையில் விரித்து, அதன்மேல் குப்புறப் படுத்துக்கொள்வார்கள். கோலாலம்பூர், ஈப்போ, கேமரன் மலை, தைப்பிங் ஏரி, கடைசியில் பினாங்கு. மலாயா முழுவதையும் இவர்களே பிடித்து ஆளப்போகிற மாதிரி பேச்சு. ஏரிக்கரையில் யார் எந்தச் சட்டையில் படம் எடுத்துக்கொள்வது என்பதற்கே இரண்டு வாரம் போனது. மூன்று பேரில் ஒருவரும் அதுவரை பக்கத்திலிருக்கும் சிரம்பானைத் தாண்டியதில்லை.

காப்பி ஆற்றிக் கொடுத்துக்கொண்டே நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு ஏரியும் வேண்டாம், பினாங்கும் வேண்டாம். மலை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பிறந்தது ரப்பர் தோட்டத்தில். நிமிர்ந்தால் மரம், குனிந்தால் பால் வாளி. கல்யாணமாகி மலாக்காவுக்கு வந்தால் இங்கே மலை என்று காட்டுவது புக்கிட் சீனாவை. அது சீனர்களின் இடுகாடு. மூச்சு வாங்குவதற்குள் உச்சி வந்துவிடும். கேமரன் மலையில் மேகம் காலடியில் கிடக்கும், பேசினால் வாயிலிருந்து புகை வரும் என்று அந்த நண்பர் யாரோ சொல்லக் கேட்டதை அளந்துவிட்டார். எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது.

காரில் நாலு பேர் உட்காரலாம். ஆண்கள் மூன்று பேர். நாலாவது ஆள் நான்தான் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, புளிச்சோறு இரண்டு நாள் தாங்க நல்லெண்ணெய் கூடுதலாக ஊற்றட்டுமா என்று கேட்டேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காட்டில் கம்யூனிஸ்டுகள் இன்னும் ஒளிந்திருந்த காலம் அது. சாப்பாடு அவர்கள் கைக்குப் போய்விடும் என்று, பேராக் பக்கத்துச் சாலைகளில் போலீஸ்காரர்கள் காரை நிறுத்திச் சோதனை போடுவார்கள். ஒரு பிடி சோறுகூட எடுத்துப்போக விடமாட்டார்கள்.

"வழியெல்லாம் கடைச் சாப்பாடுதான். சோறே கட்ட முடியாதுன்னா நீ எதுக்கு?" என்றார் என் வீட்டுக்காரர்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உனக்கு வேலை மிச்சம் என்று நல்ல செய்தி சொல்கிற முகம். அப்படியானால் நான் என்ன, தூக்குச்சட்டியா? போலீஸ் விடாது என்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக? மறுநாள் ரசத்தில் உப்பே போடவில்லை. மனிதர் அதையும் கவனிக்காமல் இரண்டு தரம் வாங்கிக் குடித்தார். அந்த வாரமே நாலாவது இடத்தில் ஒரு சாய்வு நாற்காலியை மடக்கி ஏற்றினார்கள். ஏரிக்கரையில் போட்டு உட்காருவார்களாம். கட்டைக்கு இடமிருந்தது, கட்டினவளுக்கு இல்லை.

புறப்படுகிற காலை வந்தது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், சூடம், தேங்காய் எல்லாம் ஆயிற்று. கொழுந்தனார் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார், நண்பர் அவர் பக்கத்தில். என் வீட்டுக்காரர் பின்னால் நாற்காலிக்குத் துணையாக உட்கார்ந்திருந்தார். ஆனாலும் கார் கிளம்பவில்லை. வெளியூர் கிளம்பும்போது சுமங்கலி ஒருத்தி தண்ணீர்க்குடத்தோடு எதிரே வரவேண்டும். அது இல்லாமல் எங்கள் வீட்டில் யாரும் படி தாண்டமாட்டார்கள்.

"அண்ணி, குடத்தை எடுத்துக்கிட்டு கொஞ்சம் எதிர்ல வாங்க," என்றார் கொழுந்தனார்.

வந்தேன். குடத்தோடு அல்ல, மாற்றுப் புடவை வைத்த துணிப்பையோடு. பின்கதவைத் திறந்து, சாய்வு நாற்காலியை இழுத்து வாசலில் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் இறங்கு என்றார்.

"நான் எதிர்ல வந்தாலே நல்லதுன்னா, கூடவே வந்தா எவ்வளவு நல்லது? இறங்கணும்னா இறங்குறேன். ஆனா அழுதுக்கிட்டேதான் எதிர்ல வருவேன். பரவாயில்லையா?"

அழுகிற பொம்பளை எதிரே வந்தால் சிரம்பான்கூடப் போய்ச் சேரமாட்டோம் என்று மூவருக்கும் பயம். இந்தக் கூத்தைப் பக்கத்து வீட்டம்மாள் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பல தலைமுறைக்கு முன் வந்து மலாய்க்காரர்களோடு கலந்துபோன மலாக்கா செட்டி வம்சம். தமிழ் வராது, வீட்டில் மலாய்தான். ஆனால் எங்களைப்போல மாரியம்மனைக் கும்பிடுகிற சுமங்கலி, குடத்தின் சங்கதியை அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. கெபாயாச் சட்டையும் சாரோங் கைலியுமாக வந்து, என் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, சிரித்தபடி காருக்கு எதிரே நடந்தாள். கொழுந்தனார் காரைக் கிளப்பினார்.

அடிவாரத்துத் தாப்பாவைத் தாண்டி கேமரன் மலை ஏற ஆரம்பித்ததும் வளைவுக்கு மேல் வளைவு. நண்பர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். என் வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அவர் தோளுக்கு மேலே பச்சையாக எழும்பிப் போய்க்கொண்டே இருந்தது மலை. உச்சியில் மேகம். எனக்கு அத்தனை சந்தோஷம். இன்னும் நன்றாகப் பார்க்கலாம் என்று சாய்ந்தால் அவர் பிடரிதான் தெரிந்தது.

"என்னாங்க, தலையைக் கொஞ்சம் கீழ இறக்கி எடுங்க. மலையை மறைக்குது."

இறக்கிக்கொண்டார்.