உப்பில்லாத தயிர்சாதம்

தேங்காய் எண்ணெய் வாசனையோடுதான் அந்த வார்டில் பொழுது விடியும்...

சிதம்பரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. மனநலப் பிரிவில் பெண்கள் வார்டு. ஹேர்பின், ஊக்கு, கண்ணாடி வளையல் எதையும் உள்ளே விடமாட்டார்கள். அதனால் காலையில் நர்ஸுகளே எண்ணெய் தடவித் தலை பின்னி, துண்டு ரிப்பனால் மடித்துக் கட்டிவிடுவார்கள். பிள்ளை பெற்ற பெண்களெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி ரிப்பனோடு கட்டிலில் உட்கார்ந்திருப்பார்கள். முதல் நாள் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

நான் இருந்தது என் நாத்தனார் செல்விக்குத் துணையாக. ராத்திரி பகல் தூக்கமில்லை, வாய் ஓயாத பேச்சு, வீட்டுப் பாத்திரங்களைத் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுப்பது... அந்த நிலையில்தான் அவளைக் கொண்டுவந்து சேர்த்தோம். கேட்டவர்களிடம் டைபாய்டு என்று சொல்லி வைத்திருந்தோம். அவளுடைய சின்னக் குழந்தையை அவள் மாமியார் பார்த்துக்கொண்டார்.

லித்தியம் மாத்திரை ஆரம்பித்தார்கள். பேச்சு அடங்கியது. தூக்கம் வந்தது. ஒருநாள், "அண்ணி, புள்ள சாப்புடுதா?" என்று கேட்டாள். அன்றைக்குக் கோபுரம் இருக்கிற திசையைப் பார்த்து நான் ஒரு கும்பிடு போட்டேன்.

அதற்குப் பிறகுதான் கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் டம்ளர் பிடிக்கும்போது. அப்புறம் வாந்தி. நடந்தால் தள்ளாட்டம்.

செல்வியின் அம்மா, என் மாமியார், தினமும் குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ்ஸில் சாப்பாடு கொண்டுவருவார். செல்விக்குத் தனி டப்பா, எனக்குத் தனி டப்பா. மகளின் நடுக்கத்தைப் பார்த்ததும் துணிப்பையைக் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

"மாத்திரைய குடுத்தே எம்பொண்ண படுக்க வச்சிட்டாங்க. மேல்பட்டாம்பாக்கத்துல ஒருத்தரு மந்திரிக்கிறாராம். நாளைக்கே இட்டுக்கினு போறேன்."

"அத்தை, போன தடவையும் பாதியில மாத்திரைய நிறுத்திதான..."

"நீ கணக்குப்புள்ள மாதிரி அவுங்க சொல்றதுக்கெல்லாம் தலையாட்டு. பெத்தவ நானு!"

என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "அம்மா சொல்றபடி செய்" என்றார். கூட்டிக்கொண்டு போனால் செல்வி மறுபடி தெருவில்தான் நிற்பாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் கண் முன்னால் கை அப்படி நடுங்கும்போது என்ன சொல்லித் தடுப்பது?

பக்கத்துக் கட்டிலில் பவுனம்மா. காட்டுமன்னார்கோயில். சேர்த்துவிட்டுப் போனதோடு சரி, வீட்டார் யாரும் திரும்பி வரவில்லை. வீராணம் ஏரி தன் பெயரில் இருப்பதாகச் சொல்லும். அடுத்தவர் தட்டில் கை வைக்கும் பழக்கமும் உண்டு. அன்று செல்வி தொடாமல் வைத்த தயிர்சாதத்தை எடுத்து ஒரு வாய் போட்டது. உடனே துப்பியது.

"தூ! இன்னிக்கும் உப்பு இல்ல. உப்பு போட வக்கில்லாம சோறு கட்டிக்கினு வந்துட்டாளுவோ!"

யாரும் காதில் வாங்கவில்லை. அது பேசுவதையெல்லாம் உளறல் என்று விட்டுவிடுவது எங்களுக்கு வழக்கமாகியிருந்தது. மாத்திரைத் தட்டோடு வந்த மேரி சிஸ்டர் மட்டும் நின்றுவிட்டார். கடலூர்க்காரர், அதிகம் பேசமாட்டார்.

"பவுனம்மா, இன்னிக்குமா? நேத்தும் உப்பு இல்லியா?"

"நேத்தும் இல்ல, முந்தாநேத்தும் இல்ல. தண்ணி வேணும்னா கேளு, ஏரிய தொறந்து வுடறேன். உப்புக்கு நான் எங்க போவேன்?"

சிஸ்டர் செல்வியின் மாத்திரையைக் கொடுக்காமல் எடுத்து வைத்தார். செல்வியைப் பார்த்தார். செல்வி தன் அம்மாவைப் பார்த்தாள்.

அத்தை முந்தானையைத் திருகிக்கொண்டே, "வேண்டுதலும்மா... ஒரு மண்டலம் உப்பில்லாம சாப்புடுவான்னு பெருமாளுக்கு நேந்துகிட்டேன். வெளிய சொன்னா பலிக்காதுன்னு செல்விகிட்ட மட்டும்தான் சொன்னேன்" என்றார்.

டாக்டர் வந்தார். ரத்தம் எடுத்தார்கள், டிரிப்ஸ் ஏற்றினார்கள். அது முடிந்த பிறகு சிஸ்டர் வந்து அத்தை பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"இந்த மாத்திரையும் ஒருவகை உப்புதாம்மா. சாப்பாட்டு உப்ப நிறுத்திட்டா, ஒடம்பு இத வெளிய வுடாம புடிச்சி வச்சிக்கும். ஜாஸ்தியாயிடுச்சி, அதான் நடுக்கம். என்ன சாப்புடறான்னு நாங்களும் கேட்டிருக்கணும்."

"நேந்துகிட்டத பாதியில வுட்டா சாமிகுத்தம் ஆயிடாதா?"

"நேந்துகிட்டது யாரு?"

"நாந்தான்."

"அப்ப நீங்க இருங்க உப்பில்லாம. எங்க வீட்ல தவக்காலத்துல எங்கம்மா கறி தொடமாட்டாங்க. ஆனா எங்கப்பாவுக்கு ஆக்கிப் போடுவாங்க."

"மாத்திக்கிட்டா பெருமாள் ஒத்துக்குவாரா?"

"எனக்கென்னம்மா தெரியும்? கோயில் இங்கதான இருக்குது, போயி கேட்டுட்டு வாங்க."

அத்தை போனார். நடராஜர் கோயிலுக்குள்ளேயே இருக்கிற பெருமாள் சன்னதிக்கு. திரும்பி வரும்போது வெளிச்சம் போயிருந்தது. என்ன கேட்டார், என்ன பதில் கிடைத்தது என்று எங்களிடம் சொல்லவில்லை. கட்டி வைத்த பையை அவிழ்த்து, செல்வியின் நைட்டியை எடுத்துக் கட்டில் கம்பியில் போட்டார். அவ்வளவுதான்.

மறுநாள் தயிர்சாதத்தில் உப்பும் இருந்தது, எலுமிச்சை ஊறுகாயும் இருந்தது. மண்டலம் முடிகிறவரை அத்தை தன் தட்டில் உப்பில்லாமல் சாப்பிட்டார். நடுக்கம் நின்ற பிறகு மாத்திரையை அளவு குறைத்து மறுபடி ஆரம்பித்தார்கள்.

இப்போது காலம் மாறிவிட்டது. ஸ்ட்ரெஸ், கவுன்சிலிங் என்று கோலம் போடும்போதுகூடப் பேசிக்கொள்கிறார்கள். டைபாய்டு என்று யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. அத்தை இல்லை. மேரி சிஸ்டர் ரிட்டயர் ஆகி எங்கே இருக்கிறாரோ... பவுனம்மாவைக் கூட்டிப் போக அப்புறமாவது யாராவது வந்தார்களா என்று தெரியாது.

இன்று காலை செல்வி போன் செய்தாள்.

"அண்ணி, கடலூர் வந்தேன். மாத்திரை அளவு பாக்க டெஸ்டுக்கு ரத்தம் குடுத்துட்டேன். கூட்டமே இல்ல."

"கூட யாரு வந்தா?" என்றேன், பழக்கதோஷத்தில்.

"எதுக்கு?" என்றாள்.

வாஸ்தவம்தான்.