கொல்லிமலையில் வாங்கிய பெயரில்லாத கையெழுத்து

கொல்லிமலைக்கு அருவி பார்க்கப் போகிறவர்கள் உண்டு, மிளகு வாங்கப் போகிறவர்கள் உண்டு. போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் மகள் மதியும் போனது ஓர் ஓவியரைப் பார்க்க. செம்மேட்டில் காமிக்ஸ் வாசகர் சந்திப்பு என்று வாட்ஸப் குழுவில் செய்தி வந்திருந்தது. லாரி ஓட்டிக்கொண்டே திருடர்களைப் பிடிக்கும் ஒரு சிறுமியின் கதையை வரைகிறவர் அதற்கு வருகிறார் என்றதும், ஐந்தாம் வகுப்பு படிக்கும் மதிக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. வழி, நேரம், செலவு எல்லாம் எழுதுகிறேன். நான் செய்த கேவலத்தையும் எழுதத்தான் வேண்டும்.

பதினைந்து வருடமாகக் காமிக்ஸ் சேகரிக்கிறவன் நான். எதை வாங்கினாலும் இரண்டு பிரதி. ஒன்று வீட்டில் புரட்ட, இன்னொன்று பிளாஸ்டிக் உறை போட்டு பீரோவுக்குள். புரட்டும் பிரதியை மதி சாம்பார்க் கறையும் செல்லோடேப்புமாக ஆக்கி வைத்திருந்தாள். அந்தக் கதையின் கடைசிப் பக்கத்தில் திருடனைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் போய்விடுவார்கள், அவன் நாய் மட்டும் கட்டிப்போட்டபடி நிற்கும். மதி அதன் முன்னால் பென்சிலால் ஒரு தட்டுச் சோறு வரைந்திருந்தாள். அதை ஓவியரிடம் காட்டி, நாயை ஏன் யாரும் அவிழ்த்து விடவில்லை என்று கேட்க வேண்டுமாம். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

கிளம்பும் காலையில் அவள் அம்மா அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது, பையிலிருந்த அந்தப் புத்தகத்தை எடுத்து டிவிக்குப் பின்னால் வைத்துவிட்டு, என் பீரோ பிரதியை உள்ளே வைத்தேன். கிழிந்த புத்தகத்தில் வாங்கினால் கையெழுத்து வீணாகிவிடும் என்று நினைப்பு. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நாமக்கல்லில் ஆறு மணிக்கு என் பைக்கில் கிளம்பினோம். சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி காரவள்ளி அடிவாரத்தில் இட்லி, இரண்டு பேருக்கு எண்பது ரூபாய். அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவின் எண்ணையும் மதி சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். செம்மேடு போய்ச் சேரும்போது எட்டேமுக்கால்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடை அக்காவிடம், “காமிக்ஸ் கூட்டம் எங்கீங்க நடக்குது?” என்று கேட்டேன்.

“பொம்மைப் பொஸ்தகக்காரங்களா? காலைல இருந்து மீசை வெச்ச ஆளுங்களா பையத் தூக்கிக்கிட்டு வாராங்க. ஒத்தப் புள்ளயக் காணமேன்னு பாத்தனுங்க. அந்த மண்டபந்தான், ரெண்டு நிமிசம் நடங்க.” மதியைப் பார்த்து, “என்ன கண்ணு, எத்தனாவது வளைவுல வாந்தி எடுத்த?” என்றார்.

“எடுக்கவே இல்லீங்களே!” என்று மதி குதித்தாள். அன்றைக்கு அவள் சிரித்ததை நான் கடைசியாகப் பார்த்தது அங்கேதான்.

பெரியவர்களுக்கு நுழைவு நூறு ரூபாய், பிள்ளைகளுக்கு இலவசம். ஓவியரின் மேசைக்கு முன்னால் முக்கால் மணி நேர வரிசை. எங்கள் முறை வந்ததும் மதி, “உங்களுக்கு ஒண்ணு காட்டணுங்க” என்று கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். நாய் இருந்தது. சோறு இல்லை. பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“என்ன பாப்பா காட்டப் போறே?” என்று ஓவியர் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார். அவள் புத்தகத்தை மூடி மேசை மேல் வைத்தாள். “சரி, பேரு என்ன சொல்லு, எழுதித் தாரேன்” என்றார்.

முந்திரிக்கொட்டை மாதிரி நான் குறுக்கே விழுந்தேன். “பேரெல்லாம் வேண்டாங்க, கையெழுத்து மட்டும் போதும்!”

சேகரிக்கிறவர்களுக்கு இது தெரியும். யார் பெயராவது எழுதிவிட்டால் பிரதிக்கு மதிப்புக் குறைவு, வெறும் கையெழுத்துக்குத்தான் மவுசு. ஓவியருக்கும் தெரிந்திருந்தது. “சேகரிக்கறீங்களா?” என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் கையெழுத்துப் போட்டு, புத்தகத்தை என்னிடமே நீட்டினார். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பெருமையாக, “அச்சாகி வந்ததிலிருந்து பிரிக்காத பிரதிங்க” என்று வேறு சொன்னேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இப்போது இருக்கிறது.

அவர் நாலு மணி வரைக்கும் அங்கேதான் இருந்தார். திரும்பப் போய், தப்பு என்னுடையது, இவள் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள் என்றிருக்கலாம். வரிசையில் எல்லோரும் எனக்குத் தெரிந்தவர்கள், அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது என்று கூச்சம். பிள்ளையின் ஆசையை விட என் கூச்சம் பெரிதாகப் போயிற்று. நாற்பது ரூபாய்க்கு அன்னாசிப்பழம் வாங்கிக் கொடுத்துச் சமாளிக்கப் பார்த்தேன். “நல்லாருக்குங்கப்பா” என்று மரியாதையாகச் சாப்பிட்டாள். அவள் அழுதிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

போகிறவர்களுக்கு: பைக் என்றால் காரவள்ளிக்கு முன்பே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள், எனக்கு முந்நூறு ரூபாய்க்கு ஆனது. பிள்ளைக்கும் ஹெல்மெட் கட்டாயம். இறங்கும்போது இரண்டாவது கியரைத் தாண்ட வேண்டாம், இருட்டுவதற்குள் அடிவாரம் வந்துவிடுங்கள். இந்த மாதிரிச் சந்திப்புக்குப் பிள்ளையைக் கூட்டிப்போனால் அதன் பையில் கை வைக்காதீர்கள். அது மேசைக்குப் போகும்போது நீங்கள் வெளியே வந்து டீ குடியுங்கள்.

காரவள்ளியில் இறங்கியதும் வண்டியை நிறுத்தி, “அப்பா பண்ணது தப்புதான் சாமி. அடுத்த வருசமும் அவரு வருவாரு, நாம ரெண்டு பேரும் வரலாம்” என்றேன்.

மதி ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கோபமும் இல்லை. “நீங்க மட்டும் போயிட்டு வாங்கப்பா” என்றாள். “உங்களுக்குத்தானுங்க அவரை ரொம்பப் புடிக்கும்.”