அத்தையின் லாகினில் நான் செய்த அப்டேட்

ஆபீஸ் அத்தை ஏன் நம் வீட்டுக்கு வருவதில்லை என்று பிள்ளைகள் நீங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நாள் கேட்டீர்கள். பிறகு கேட்பதையே விட்டுவிட்டீர்கள். "வேலை ஜாஸ்தி" என்று ஒவ்வொரு தடவையும் நான் மழுப்பினேன். அது பொய். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரிஷியன் படித்தவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்த ஆபீஸுக்கு யூ.பி.எஸ். பேட்டரி மாற்றப் போனேன். அப்படியே சர்வர் ரூமைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் தங்கிவிட்டேன். ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து ரத்தப் பரிசோதனை நிலையங்களின் ரிப்போர்ட் எல்லாம் எங்கள் சர்வரில் இருந்தது. அதற்குப் பொறுப்பு அத்தை. தென்காசிப் பக்கத்துக்காரி. திருமுல்லைவாயிலில் வாடகை பிளாட்டில் மகளோடு இருந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், ஆனால் எனக்குக் கமாண்ட் அடிக்கக் கற்றுக்கொடுத்தது அவள்தான்.

"அண்ணே, மெதுவா. சொவத்துல ஆணி அறையுத மாதிரி அறையுதீங்க."

"இன்னாம்மா பண்றது, கை அப்டியே பழகிப்போச்சு."

"கீபோர்டு போச்சுன்னா ஒங்க தலையிலதான் கட்டுவேன், பாத்துக்கோங்க."

எனக்கென்று தனி லாகின் கிடையாது. வேண்டுமென்றால் மனுப் போட்டு, அது தலைமை ஆபீஸ் போய்த் திரும்பி வரவேண்டும். யார் அலைவது? அத்தையின் லாகினிலேயே நானும் வேலை செய்வேன். பாஸ்வேர்டு எனக்கு மனப்பாடம். அதை நாங்கள் தப்பாகவே நினைக்கவில்லை.

ஒரு தடவை ரிப்போர்ட் சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பு வந்தது. அதற்குத் தேவையான ஒரு துணை சாஃப்ட்வேர், பேக்கேஜ் என்போம், எங்கள் சர்வரில் ரொம்பப் பழசாக இருந்தது. உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். சர்வருக்கு வேண்டிய சாஃப்ட்வேரை எல்லாம் ஆபரேட்டிங் சிஸ்டம் செய்தவர்களே ஓர் இடத்தில் வைத்திருப்பார்கள். ரெப்போ என்போம். ரேஷன் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு பழசு, ஆனால் அந்தச் சர்வருக்கு ஒத்துப்போகும் என்று சோதித்துப் பார்த்தது. அங்கே கிடைக்காததை வெளி ஆட்கள் நடத்தும் ரெப்போவில் வாங்கலாம். அதற்கு ஒரு சின்ன ஃபைலில் அந்தக் கடையின் விலாசத்தை எழுதி, அவர்களுடைய முத்திரையைச் சரிபார்க்கும் கீயையும் போட வேண்டும். கடைசி வரியில் ஒன்று போட்டால் கடை திறந்திருக்கும், பூஜ்யம் போட்டால் மூடியிருக்கும்.

அத்தை சொல்லச் சொல்ல நான்தான் டைப் செய்தேன்.

"வேண்டிய ஒண்ண மட்டும் எடுத்துக்கிட்டு பூஜ்யம் போட்டுருங்க அண்ணே. தொறந்து கெடந்தா அடுத்த அப்டேட்ல எது புதுசா இருக்கோ அதை எல்லாம் அங்கேர்ந்து அள்ளிட்டு வந்துரும். அதுக்கு இது சனங்க ரத்த ரிப்போர்ட் இருக்குத சர்வர்னு தெரியாது."

பேக்கேஜ் வந்து இறங்கியது. அதற்குள் கீழே ஜெனரேட்டர்காரர் கூப்பிட்டார், போய்விட்டேன். சாயந்திரம் அத்தை, "மூடிட்டீங்கள்ல?" என்று கேட்டாள். "ஆச்சும்மா" என்றேன். மூடியதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாதாமாதம் ஒரு சனிக்கிழமை சர்வரை மொத்தமாக அப்டேட் செய்வது அத்தையின் வேலை. அந்தச் சனிக்கிழமை மகளுக்குக் காய்ச்சல் என்று அத்தை லீவு. திங்கட்கிழமை தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். நான்தான் கேட்கவில்லை. நாமே முடித்துவைத்தால் அத்தை ஆச்சரியப்படுவாள் என்று ஓர் ஆசை. மதியம் பரிசோதனை நிலையங்கள் மூடியபிறகு கமாண்டை அடித்தேன். வரிவரியாக ஓடி முடிந்தது. கடைசியில் முடிந்தது என்றும் சொன்னது. சர்வரை ஒரு தடவை அணைத்து மறுபடி போட்டுவிட்டு, சந்தோஷமாகக் கொரட்டூருக்கு வந்து உங்களோடு சாப்பிட்டேன்.

ஞாயிறு காலை ரிப்போர்ட் எதுவும் திறக்கவில்லை. வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வந்தவர்கள் பரிசோதனை நிலையங்களின் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் போன் செய்ததும் நான் ஓடினேன். முதலில் அந்த ஃபைலைத்தான் பார்த்தேன். கடைசி வரியில் பூஜ்யம் இல்லை, ஒன்று. ரிப்போர்ட்டை எல்லாம் சேர்த்துவைக்கும் டேட்டாபேஸையே அப்டேட் வெளிக்கடையிலிருந்து வேறு பதிப்பாக மாற்றிவிட்டிருந்தது. இருந்த பழைய தகவலை அது பாதி மாற்றி, பாதியில் நின்றுபோயிருந்தது.

கொஞ்ச நேரத்தில் காய்ச்சல்கார மகளைப் பக்கத்து பிளாட்டில் விட்டுவிட்டு அத்தை வந்தாள். உட்கார்ந்ததும் அந்த ஃபைலைத் திறந்து பார்த்தாள், பிறகு சர்வரில் யார் எப்போது என்னென்ன மாற்றினார்கள் என்ற பட்டியலை எடுத்தாள். சனிக்கிழமை, மூன்று மணி, அவள் லாகின்.

பின்னால் நின்ற மேனேஜர் படித்துவிட்டார். "என்னம்மா, லீவ் போட்டுட்டு வீட்லேர்ந்து பண்ணீங்களா?"

அத்தை நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள். "அண்ணே, நீங்க எதுவும் தொட்டீங்களா?"

"இல்லம்மா. நான் பேட்டரி பாத்துட்டு அப்பவே வூட்டுக்குப் பூட்டேன்."

அவ்வளவு சுலபமாக வந்தது. யோசிக்கவே இல்லை. அவள் இன்னும் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என் லாகின் சார். பொறுப்பு என்னோடதுதான்."

வெள்ளிக்கிழமை எடுத்த காப்பியை வைத்துச் சாயந்திரத்துக்குள் சர்வரை எழுப்பிவிட்டாள். சனிக்கிழமைப் பதிவுகள் மட்டும் போனது போனதுதான். அன்றைக்கு ரத்தம் கொடுத்தவர்கள் மறுபடி வந்து கையை நீட்டினார்கள். அந்த வாரமே அத்தையிடம் ராஜினாமா எழுதி வாங்கிவிட்டார்கள். கடைசி நாள் சர்வர் ரூம் கதவருகே வந்து நின்றாள்.

"ஒங்களுக்குத் தனி லாகின் போடச் சொல்லி எழுதிக் குடுத்துருக்கேன் அண்ணே. ரெண்டு நாள்ல வந்துரும். இனிமே எதையும் என் பேருல செய்யாதீங்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டினேன்.

ஆறேழு மாதம் கழித்துத் திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் பார்த்தேன். வேறு வேலை கிடைத்துவிட்டதா என்று கேட்டேன். இன்னும் சரியாக அமையவில்லை, பழைய ஆபீஸில் ஏன் விட்டீர்கள் என்று எல்லா இடத்திலும் கேட்கிறார்கள் என்றாள். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை.

"அன்னிக்கு நான்தாம்மா பண்ணேன்."

"தெரியும் அண்ணே."

"எப்போ தெரியும்?"

"அந்த ஃபைல பாத்தப்பவே. மூடிட்டேன்னு சொன்னது நீங்கதான?"

"அப்பறம் ஏம்மா நீ சொல்லல?"

"நான் ஏன் சொல்லணும்? அதான் ஒங்ககிட்ட கேட்டேன்லா, சார வச்சுக்கிட்டே. அந்த ரூம்ல வேற யார்கிட்டயாவது கேட்டேனா?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வண்டி வந்துவிட்டது. ஏறப் போனவள் திரும்பி, "பிள்ளைகள நான் ரொம்பக் கேட்டேன்னு சொல்லுங்க" என்றாள்.

மறுநாளே மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார். "இப்ப வந்து இதைச் சொன்னா தலைமை ஆபீஸுக்கு நான் என்ன பதில் சொல்றது? விடுங்க. போய் வேலையைப் பாருங்க." எழுதிக்கொடுத்த கடிதத்தையும் திருப்பி என் கையிலேயே கொடுத்துவிட்டார். அத்தைக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. எனக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அத்தை உங்களைக் கேட்டதாகச் சொன்னதை அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் சொல்லவில்லை. சொன்னால், "எங்கே பார்த்தீர்கள், என்ன பேசினீர்கள்" என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்குப் பயந்தேன். அத்தை உங்களைக் கேட்டாள். ரொம்பக் கேட்டாள்.